பழைய பெயரும் புதிய தாளமும்

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பகல் போஜனத்துக்குப் பிறகு, பத்திரிகையை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் சற்றே கண்ணயர்ந்திருந்தேன். வாசலில் "ஸார்!" என்று ஒரு குரல் கேட்டது. பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களை எழுப்புவதற்கு அந்த ஒரு சொல் போதும். சொர்க்கத்துக்குப் போய்ச் சேர்ந்த உபாத்தியாயர் கூட அந்தக் குரல் கேட்டால் "யாரப்பா அது?" என்று திரும்பி வந்துவிடுவார்.

வந்தவன் ஸ்ரீபெரும்புதூரில் என்னிடம் பத்தாவது வகுப்புப் படித்தவன். இப்போது ஒரகடத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், தகட்டை அழுத்தி மோட்டார் வண்டிக்குரிய பாகங்களாக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. இரவு ஷிப்டை முடித்து, தூங்கி எழுந்து, நேரே இங்கே வந்திருந்தான். சாம்பல் நிறச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"ஸார், உங்க கிட்ட ஒரு யோசனை கேட்கணும்" என்றான்.

பழைய மாணாக்கர்கள் யோசனை கேட்க வந்தால் ஒன்று கல்யாணமாக இருக்கும்; அல்லது ஏதாவது காகிதத்தில் கையெழுத்து வேண்டியிருக்கும். இந்தப் பிள்ளையாண்டான் கொண்டு வந்த விஷயமோ இரண்டும் அல்ல. அது ஸங்கீத சம்பந்தமானது. அதிலும் எனக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத ஸங்கீதம்.

பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலேயே அவனும் அவனுடைய தோழர்கள் மூவரும் சேர்ந்து ஒரு பாட்டுக் கோஷ்டி ஆரம்பித்திருந்தார்கள். இவன் கிட்டார், ஒருவன் பாட்டு, ஒருவன் 'பேஸ்' என்னும் அடிக்குரல் கிட்டார், நாலாமவன் டிரம்ஸ். கோஷ்டிக்கு ஒரு பெயரும் உண்டு. தகராறே அந்தப் பெயரைப் பற்றியது என்பதால் அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் டிரம்ஸ்காரனை அவனுடைய கம்பெனி குஜராத்திலுள்ள சாணந்துக்கு மாற்றிவிட்டது. பேஸ்காரன் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். கோஷ்டி நின்றுபோயிற்று. இப்போது எஞ்சிய இருவரும் வேறு இரண்டு பையன்களைச் சேர்த்துக்கொண்டு, ஆறு புதிய பாட்டுக்களும் கட்டி, பழைய பெயரிலேயே இசைத்தட்டு வெளியிட உத்தேசித்திருக்கிறார்கள். சாணந்துத் தோழனுக்குச் செய்தி எட்டிவிட்டது. "நான் இல்லாமல் அந்தப் பெயரா?" என்று ஒரு வரி அனுப்பினானாம். அதோடு சரி, இரண்டு மாதமாகப் பேச்சே இல்லை.

"நீங்களே சொல்லுங்க ஸார். ஆள் மாறினா பேரும் மாறணுமா?"

நான் சற்று விழித்தேன். எனக்குத் தெரிந்த ஸங்கீதத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. நம் கச்சேரிகளில் பெயர் பாடுகிறவருடையது. இன்று பிடிலுக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர்; மிருதங்கமும் அப்படியே. சபாவின் காரியதரிசி கூட்டிவைத்தபடி மேடையில் வந்து அமர்ந்து, ஒத்திகை என்பதே இல்லாமல் மூன்று மணி நேரம் வாசித்துவிட்டு, அவரவர் ரயிலுக்கு அவரவர் போய்விடுவார்கள். இரட்டையர்களாகப் பாடினவர்களின் கதையும் வேறல்ல. ஆலத்தூர் சகோதரர்கள் உடன்பிறந்தவர்கள்கூட அல்லர். சிவசுப்பிரமணிய ஐயர் ஒருவர், சீனிவாச ஐயர் ஒருவர். ஆனாலும் அவர்களில் ஒருவர் மறைந்த பிறகு அந்த இடத்தில் வேறொருவரை உட்காரவைத்து 'ஆலத்தூர் சகோதரர்கள்' என்று விளம்பரம் செய்யலாம் என்று யாருக்காவது தோன்றியிருக்குமா?

இதை அவனிடம் சொன்னேன். அவன் பணிவாகக் கேட்டுக்கொண்டான். திருப்தி மட்டும் அடையவில்லை. போகும்போது என் செல்போனை வாங்கி அதில் ஏதோ ஏற்றிக் கொடுத்தான்.

"இதைக் கேட்டுட்டுச் சொல்லுங்க ஸார். பம்பாய்க்காரங்க. கோஷ்டியைக் கலைச்சுட்டு, பதினஞ்சு வருஷம் கழிச்சு ரெண்டு புது ஆளோட இசைத்தட்டுப் போட்டவங்க."

அந்தக் கோஷ்டியின் பெயர் 'இண்டஸ் கிரீட்'. தட்டின் பெயர் 'இவால்வ்'. பரிணமித்தல், வளர்ந்து மாறுதல் என்று பொருள். 2012-ம் வருஷத்தில் வெளிவந்தது.

*

முதல் நாள் பத்து நிமிஷத்துக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. சமையலறையிலிருந்து, "மிக்ஸி ரிப்பேரா என்ன?" என்று விசாரணை வந்தது. இரண்டாம் நாள் காதுக்குள் வைக்கும் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டேன். மூன்றாம் நாள்தான் உள்ளே ஒரு கட்டடம் இருப்பது புலப்பட்டது. அதை இந்த ஸங்கீதத்தில் பரிச்சயம் இல்லாத நேயர்களுக்காகக் கொஞ்சம் விவரிக்கிறேன்.

'ஹெவி ராக்' என்று இவர்கள் சொல்லும் இசைக்கு ஆதாரம் மின்சார கிட்டார். அதன் தந்தி ஒலியைப் பெருக்கும் கருவியை அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கினால் ஒலி உடைந்து கரகரக்கும். நம் கலியாண மண்டபங்களில் ஒலிபெருக்கிக்காரர் இந்தக் காரியத்தைத் தம்மை அறியாமலே செய்துவிடுகிறார். ராக் கிட்டார்க்காரர் தெரிந்து செய்கிறார். உடைகிற அளவையும் தாமே நிர்ணயிக்கிறார். அந்தக் கரகரப்பில் ஒற்றை ஸ்வரம்கூட இரும்புப் பாளம் போல் கனத்து நிற்கும். அதனால்தான் 'கனத்த' என்ற அடைமொழி.

பேஸ், டிரம்ஸ் என்ற இரண்டையும் பக்கவாத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. நான் முதலில் செய்த பிழை அதுதான். நாதஸ்வர கோஷ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்து ஒரே சுருதியில் நிற்கிறது. தவில் லயத்தைத் தாங்குகிறது. இங்கே பேஸ் கிட்டாரானது ஒத்தைப்போல் அடியில் இருந்தாலும் ஓரிடத்தில் நிற்பதில்லை. டிரம்ஸின் அடியோடு அடி சேர்த்து நடக்கிறது. இந்த இரண்டு பேரின் நடைதான் பாட்டின் நடை. மேலே கிட்டாரும் குரலும் என்ன ஜாலம் செய்தாலும் தரை இவர்களுடையது. நம் மிருதங்க வித்வான் பாடகர் எடுத்த கீர்த்தனைக்கு அப்போதைக்கப்போது வாசிக்கிறார். ராக் டிரம்ஸ்காரரோ பாட்டுப் பிறக்கும்போதே கூட இருக்கிறார். இன்ன இடத்தில் இன்ன அடி என்று அவர் அமைத்தது பாட்டின் அங்கமாகிவிடுகிறது. ஆகவே அவரை மாற்றுவதென்றால் வீட்டின் வர்ணத்தை மாற்றுவது போல அல்ல, அஸ்திவாரத்தைத் தோண்டுவது போல ஆகும்.

சாணந்துத் தோழனின் கோபம் இந்த இடத்தில்தான் எனக்கு விளங்கிற்று.

இந்த இசை எங்கள் ஊர்ப் பையன்களைப் பிடித்துக்கொண்டதில் ஒரு விசித்திரப் பொருத்தம் உண்டு. இது பிறந்ததே தொழிற்சாலை ஊரில். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்ற நகரம் இரும்புக்கும் மோட்டாருக்கும் பெயர்போனது. அங்கே டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வருஷம் 1965. பாட்டுக் கோஷ்டியில் சேர்வதற்காக வேலையை விடத் தீர்மானித்து, கடைசி நாள் வேலைக்குப் போயிருந்தான். அன்று இயந்திரத்தில் வலக்கை சிக்கி, நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளும் போய்விட்டன. அவன் இடக்கைப் பழக்கமுள்ளவனாதலால் கிட்டார்த் தந்திகளை அழுத்துவது அந்த வலக்கைதான்! மனம் உடைந்து கிடந்தவனுக்குத் தொழிற்சாலை மேஸ்திரி ஒருவர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிப்போன ஜாங்கோ ரெயின்ஹார்ட் என்ற மேதை வாசித்தது அது. பையன் எழுந்து உட்கார்ந்தான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் நுனிகளுக்கு உறை செய்தான். அதன்மேல் தோல் ஒட்டினான். விரல் நோகாமலிருக்க மெல்லிய தந்திகளைப் பூட்டினான். பிற்பாடு சுருதியையும் இறக்கிக்கொண்டான். இறங்கிய சுருதியில் ஒரு கனம் வந்து சேர்ந்தது. 1970-ல் வெளிவந்த 'பிளாக் ஸாபத்' கோஷ்டியின் முதல் தட்டிலிருந்துதான் கனத்த ராக் தனி மார்க்கமாயிற்று என்று அந்தச் சாஸ்திரம் அறிந்தவர்கள் சொல்லுவார்கள்.

என் மாணாக்கன் இந்தக் கதையை ஸ்தல புராணம் போல் ஒப்பிக்கிறான். பிரஸ் ஷாப்பில் நிற்கும்போதெல்லாம் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொள்வானாம்.

*

பம்பாய்க்குப் போவோம். 1984-ல் அங்கே 'ராக் மெஷின்' என்றொரு கோஷ்டி தோன்றிற்று. கிட்டாருக்கு மகேஷ் டினைகர், ஜயேஷ் காந்தி. பேஸுக்கு மார்க் ஸெல்வின். டிரம்ஸுக்கு மார்க் மெனெஸெஸ். பாடகர் உதய் பெனகலும், பியானோ முதலிய கட்டை வாத்தியங்களை வாசிக்கும் ஸூபின் பலபோரியாவும் சற்றுப் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். கவனியுங்கள்: பிற்காலத்தில் கோஷ்டி என்றாலே ஜனங்களுக்கு ஞாபகம் வந்த குரல், ஸ்தாபித்தவர்களில் ஒருவருடைய குரல் அல்ல.

அந்தக் காலத்து நிலைமையை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கவைப்பது கடினம். நல்ல மின்சார கிட்டார் கடல் கடந்து வரவேண்டும். சுங்கவரி கட்டி மாளாது. கலாசாலை விழாக்கள்தான் மேடை. மேடையேறினாலும் ஜனங்கள் கேட்டது லண்டன், நியூயார்க் கோஷ்டிகளின் பாட்டுக்களை. மூலத்தை எவ்வளவு அச்சாக வாசிக்கிறார்களோ அவ்வளவு கைதட்டல். சீமைத் துணியை அப்படியே நெய்து காட்டினால் பரிசு. சொந்தத் தறியில் சொந்தக் கரை போட்டால் கூச்சல். 1986 முதல் பம்பாயில் சுதந்திர தினத்தையொட்டி 'இண்டிபெண்டன்ஸ் ராக்' என்ற பெயரில் ஒரு விழா நடந்துவந்தது. பெயரில் சுதந்திரம் இருந்தது. பாட்டுக்களுக்கு அது வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது.

அந்த நிலையில் ராக் மெஷின் 1988-ல் 'ராக் அண்டு ரோல் ரெனெகேட்' என்ற தட்டைச் சொந்தப் பாட்டுக்களாலேயே நிரப்பி வெளியிட்டது. பாஷை ஆங்கிலம்தான், வாத்தியங்களும் மேனாட்டு வாத்தியங்கள்தாம். இதில் என்ன சுதேசியம் என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். பிடில்கூட ஒரு காலத்தில் மேனாட்டு வாத்தியந்தானே? பாலுஸ்வாமி தீக்ஷிதரின் கையில் அது வந்தபோது முகஞ்சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள். இரவல் வாத்தியத்தால் ஒன்றும் குடி முழுகிப்போய்விடாது. இரவல் பாட்டைத் தன் பாட்டென்று பாடிக்கொண்டிருப்பதுதான் வெட்கம். அந்த வெட்கத்தை முதலில் உதறினவர்களின் வரிசையில் இவர்களுக்கு ஓர் இடம் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

1990-ல் இரண்டாவது தட்டு. பிறகு ஆகாய மார்க்கமாக டெலிவிஷன் வந்தது; எம்.டி.வி. வந்தது. 'ப்ரெட்டி சைல்ட்' என்ற பாட்டின் படத்துக்கு 1993-ல் அந்த ஸ்தாபனம் ஆசிய நேயர்களின் வாக்கைப் பெற்றதென்று பரிசளித்தது. அந்த வருஷமே கோஷ்டி தன் பெயரை மாற்றிக்கொண்டது! பாட்டில் நம் நாட்டு ஒலிகள் கலக்கத் தொடங்கிய சமயம் அது. 'ராக் மெஷின்' என்ற பெயரைக் கேட்டால் எந்த ஊர்க் கோஷ்டி என்றே தெரியாது. 'இண்டஸ்' என்றால் சிந்து நதி; 'கிரீட்' என்றால் கொண்ட கொள்கை. பெயர் நன்றாக ஊன்றிவிட்ட பிறகு, அதுவும் பரிசு பெற்ற வேளையில், அதைக் கழற்றி வைப்பதென்றால் வியாபாரிகள் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். அன்று கோஷ்டி இருக்கப் பெயர் மாறிற்று. என் மாணாக்கனின் கேள்வியைத் தலைகீழாகப் பிடித்தாற்போல் இல்லையா?

1995-ல் புதிய பெயரையே தலைப்பாகக் கொண்ட தட்டு வந்தது. 1997-ல் கோஷ்டி கலைந்தது. அந்த நாளில் கம்பெனிகளுக்கு இந்திப் பாட்டின் மேல்தான் மோகம். ஆங்கிலத்தில் பாடும் இந்தியர்களுக்கு இடம் சுருங்கிவிட்டது. உதய் பெனகலும் ஜயேஷ் காந்தியும் நியூயார்க்குக்குச் சென்று 'ஆம்ஸ் ஃபார் சாந்தி' என்று வேறொரு கோஷ்டி நடத்தினார்கள். மற்றவர்கள் அவரவர் பிழைப்பைப் பார்த்துக்கொண்டார்கள். அக்காலத்தில் கலாசாலை மாணவனாயிருந்த என்னுடைய ஹாஸ்டலில் ஒரு மலையாளி நண்பன் இவர்களுடைய காஸெட்டைத் தேயத் தேயக் கேட்டுக்கொண்டிருந்தது ஞாபகம் வருகிறது. நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

*

உதய் பெனகல் இந்தியாவுக்குத் திரும்பிய பின், 2010-ல் கோஷ்டி மீண்டும் கூடிற்று. பழையவர்களில் வந்தவர்கள் மூவர்: பெனகல், டினைகர், பலபோரியா. பேஸுக்கு ருஷாத் மிஸ்திரி, டிரம்ஸுக்கு ஜய் ரோ கவி என்று இரண்டு இளைஞர்கள் சேர்ந்தார்கள். அதாவது, குரலும் கிட்டாரும் பழையவை. தரை முழுவதும் புதியது.

இப்படிக் கூடுகிற கோஷ்டிகளுக்கு முன்னால் ஒரு சுலபமான பாதை உண்டு. பழைய பாட்டுக்களையே ஊர் ஊராக வாசிக்கலாம். நாற்பது வயதைத் தாண்டின நேயர்கள் தங்கள் கலாசாலை நாட்களை நினைத்துக் கண்ணீர் விடுவார்கள், டிக்கெட்டும் விற்கும். புதிதாக வந்த இரண்டு பேருக்கும் பழைய இரண்டு பேரின் அடிகளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுதான் வேலையாயிருக்கும். என்னிடம் நோட்ஸ் படித்து ஒப்பிக்கும் பையன்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்த வகை வித்தையில் ஆயாசம் வந்துவிட்டது.

இவர்கள் அந்தப் பாதையில் போகவில்லை. இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டு எட்டுப் புதுப் பாட்டுக்கள் கட்டினார்கள். ஒலிக் கலவையை டிம் பால்மர் என்ற ஆங்கிலேய நிபுணரிடம் ஒப்படைத்தார்கள். 'பெர்ல் ஜாம்' கோஷ்டியின் 'டென்' என்ற பிரசித்தமான தட்டைக் கலந்து கொடுத்தவர் அவர். 2012-ல் 'இவால்வ்' வெளிவந்தது. முந்திய தட்டுக்கும் இதற்கும் நடுவே பதினேழு வருஷம்.

பழைய பாட்டுக்களையும் தேடி எடுத்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். வித்தியாசம் ஸங்கீத ஞானமில்லாதவனுக்கும் தெரியும். 1988-ம் வருஷத்துப் பாட்டுக்களில் வாலிபத் துள்ளல். பல்லவி சீக்கிரம் வந்துவிடும், கூடப் பாடலாம். 'இவால்வ்' தட்டின் பாட்டுக்கள் அப்படி ஓடி வந்து கைகுலுக்குவதில்லை. 'ஃபயர்ஃப்ளைஸ்', அதாவது மின்மினிகள், என்ற பாட்டை எடுத்துக்கொண்டால், அதற்குக் காது பழக எனக்கு நாலைந்து தடவை வேண்டியிருந்தது. குரலில் வயது தெரிகிறது. அதை மறைக்க முயலாதது எனக்குப் பிடித்தது. கீழே அந்த இரு இளைஞர்களின் நடை பழையவர்களின் நடையைப் போல் இல்லை. பழைய பாட்டில் தாளம் முன்னால் ஓடிற்று. இங்கே நின்று, திரும்பி, யோசித்து நடக்கிறது. பெரியவர்கள் மூவரும் தங்கள் இருபது வயதை நடிப்பதற்கு அந்தத் தாளம் இடம் கொடுக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

குறையும் சொல்லவேண்டும். பழைய தட்டுக்களில் இருந்த எளிமையான இன்பம், இரண்டாம் தடவையே முணுமுணுக்கத் தோன்றும் இராகம், இதில் குறைவு. நம் நாட்டு ஒலிகளை முன்னே நாடிப் போனவர்கள் இதில் அந்த வழியே இன்னும் சற்றுத் தூரம் போயிருக்கலாமே என்றும் எனக்குத் தோன்றிற்று. இந்த ஸங்கீதத்தில் இரண்டு வாரத்து அனுபவம் மட்டுமே உள்ள ஒருவனுடைய குறைகள் இவை என்பதையும் நேயர்கள் மறக்க வேண்டாம்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். நானும் சும்மா இருக்கவில்லை. வேறு தேசத்துச் சங்கதிகளும் சிலவற்றைப் படித்து வைத்திருந்தேன்.

ஆஸ்திரேலியாவில் 'ஏ.ஸி./டி.ஸி.' என்ற கோஷ்டி. 1980 பிப்ரவரியில் அதன் பாடகர் பான் ஸ்காட் திடீரென்று இறந்துபோனார். கோஷ்டியார் கலைந்துவிடலாமா என்று யோசித்து, பிறகு பிரையன் ஜான்ஸன் என்பவரை அழைத்தார்கள். அப்போது அவர் இங்கிலாந்தில் மோட்டார்களின் கூரைக்கு வினைல் உறை ஒட்டும் தொழில் நடத்திக்கொண்டிருந்தார்! அதே வருஷம் ஜூலையில் 'பேக் இன் பிளாக்' வெளிவந்தது. இறந்தவருக்குத் துக்கமாக அட்டை முழுவதும் கறுப்பு. தட்டுத் தொடங்குவதே மெதுவாக அடிக்கும் மணியோசையோடு. உலகத்தில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டுக்களில் அது ஒன்று. போனவருக்குரிய மரியாதையை வாசலிலேயே செய்துவிட்டுப் புதியவரை உள்ளே அழைத்தார்கள்.

பர்மிங்ஹாம்காரர்களின் கதை இரண்டு விதமாகவும் நடந்தது. 1979-ல் பாடகர் ஆஸி ஆஸ்பர்னை விலக்கிவிட்டு, அமெரிக்காவிலிருந்து ரானி ஜேம்ஸ் டியோவைக் கொண்டுவந்து 1980-ல் 'ஹெவன் அண்டு ஹெல்' என்ற தட்டை வெளியிட்டார்கள். தலையே மாறிவிட்டது, ஆனாலும் கோஷ்டி பிழைத்தது. பிற்பாடு ஆஸ்பர்ன் திரும்ப வந்து 2013-ல் '13' என்ற தட்டு வெளிவந்தபோது, பழைய டிரம்ஸ்காரர் பில் வார்டு ஒப்பந்த ஷரத்துக்கள் தமக்கு ஏற்கத் தக்கவையல்ல என்று விலகி நின்றார். அவர் இடத்தில் பிராட் வில்க் வாசித்தார். தட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதல் ஸ்தானம் பெற்றது. ஆயினும் நேயர்களில் ஒரு சாராருக்கு அந்த ஆறாத குறை இருந்துகொண்டே இருந்தது. 2025 ஜூலை 5-ந் தேதி, தங்கள் ஊர் மைதானத்தில், பழைய நால்வரும் பில் வார்டோடு கூடக் கடைசி முறையாக மேடையேறினார்கள். பதினேழாம் நாள் ஆஸ்பர்ன் காலமானார்.

"அப்போ, முதல் ஸ்தானம் வந்தும் கணக்குத் தீரலைன்னு சொல்றீங்களா ஸார்?" என்றான் பையன்.

"பணக் கணக்கு தீர்ந்திருக்கும்" என்றேன்.

அவன் சற்று நேரம் பேசாமலிருந்தான். வெளியே ஆதிகேசவப் பெருமாள் கோயில் வீதியில் ஏதோ புறப்பாடு. பிரபந்தம் சேவித்துக்கொண்டு கோஷ்டி போய்க்கொண்டிருந்தது. நான் சிறுவனாயிருந்தபோது முன்வரிசையில் கண்ட பெரியவர்களில் ஒருவர்கூட இன்று இல்லை. கோஷ்டி மட்டும் அதே கோஷ்டி. அதற்குக் காரணம் சுலபம்: அவர்கள் சொல்லுகிற பாசுரம் அவர்கள் கட்டியதல்ல. ஆள் போனால் பாசுரம் போவதில்லை. ராக் கோஷ்டியில் ஆளும் பாட்டும் பின்னிக் கிடக்கின்றன; அதனால்தான் அங்கே பிரிவு இத்தனை வலிக்கிறது.

"இந்த ஆறு பாட்டில் சாணந்துக்காரன் கை பட்டது எத்தனை?" என்று கேட்டேன்.

அவன் தரையைப் பார்த்தான். "ரெண்டு பாட்டுக்குத் தாளம் அவன் போட்டது ஸார். புதுப் பையன் அதையே அப்படியே வாசிக்கிறான்."

"புதுப் பையனுக்கு அதில் சம்மதமா?"

இதை அவன் யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. வந்தவனைப் போனவனாக்கி, போனவனை இல்லாதவனாக்கி, இரண்டு பேருக்கும் ஏககாலத்தில் அநீதி செய்துகொண்டிருக்கிறான். அது தெரியாமல் பெயரைப் பற்றி என்னிடம் வியவகாரம் கேட்க வந்திருக்கிறான். பம்பாய்க்காரர்கள் பழைய பெயரைத் தைரியமாக வைத்துக்கொண்டதற்கு அவர்கள் கொண்டுவந்த எட்டுப் புதுப் பாட்டுக்கள்தான் பத்திரம். இவனிடம் அப்படிப்பட்ட பாட்டு நாலுதான் தேறும்.

இவ்வளவையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. முப்பது வயதை நெருங்குகிறவனைப் பெஞ்சியின் மேல் ஏற்றலாமா? "அவனுக்கு ஒரு டெலிபோன் செய்" என்று மட்டும் சொன்னேன்.

என் வீட்டுத் திண்ணையிலிருந்தே செய்தான். முதல் இரண்டு முறை அந்தப் பக்கத்தில் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தான் போலும். இவன் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டான். அரை மணி நேரம் கழித்துக் கண்களைத் துடைத்துக்கொண்டு வந்தான். அந்த இரண்டு பாட்டுக்கும் ஆக்கியோர் பெயரில் சாணந்துக்காரனையும் சேர்த்து அச்சிடுவதென்று தீர்மானமாம். பெயர் விஷயம் முடிவாகவில்லை. அவன் பொங்கலுக்கு லீவில் வருகிறான்; வந்து புதுப் பையன் வாசிப்பதைக் கேட்ட பிறகு சொல்லுகிறேன் என்றிருக்கிறான். "நல்லா வாசிச்சா பேரை வச்சுக்குங்கடா" என்று சொன்னானாம். சிங்கப்பூர்க்காரனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

அன்று மாலை என்னையும் அவர்களுடைய ஒத்திகைக்கு அழைத்துப் போனான். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே, லேத்துப் பட்டறை ஒன்றின் பின்புறத்துக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. சுவரெல்லாம் பழைய மெத்தைகளை நிறுத்தி ஒலி வெளியே போகாமல் தடுத்திருக்கிறார்கள், தடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டிரம்ஸுக்குப் பின்னால் அந்தப் புதுப் பையன். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவன். இருபது வயதுக்கு மேல் இராது. அவர்கள் சாணந்துக்காரனின் தாளத்தில் ஒரு பாட்டைத் தொடங்கினார்கள். பாதியில் என் மாணாக்கன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"இது வேணாம்டா. உனக்கு எப்படித் தோணுதோ அப்படி ஒரு தடவை வாசி" என்றான்.

பையன் திகைத்தான். கோல்களைக் கையில் உருட்டிக்கொண்டே சிறிது யோசித்தான். பிறகு வாசித்தான். முதலில் தடுமாற்றம், ஒரு திருப்பத்தில் பேஸ்காரனும் அவனும் வெவ்வேறு வழியே போய்விட்டார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள். மூன்றாம் முறையில் கால் ஊன்றிக்கொண்டது. நன்றாயிருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். பழையதைப் போல் இல்லை என்பது மட்டும் எனக்கே தெரிந்தது.

ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, பெண்ணுக்குப் பரீட்சை என்று முறையிட்டாள். அந்தப் பெண் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படிக்கிறாள். சென்ற பரீட்சையில் கணக்கில் முப்பத்தேழு. நான் உடனே கட்சி மாறி, வாத்தியங்களை மூடச் சொல்லிவிட்டேன்.